பன்னிரண்டாம் பகுதி வரை

கானாடுகாத்தானில் கல்யாணம். இரவு ஒன்றரை.
மூன்றாங்கட்டில் ஆறு அடுப்பு,
எட்டுப் பேர்,
உளுந்து மூட்டையில் சாய்த்து வைத்த ஒரு போன்.

போனுக்குள் ‘வடமீன்’ என்றொரு கலம்
திரும்ப முடியாத தூரத்தில் போய்க்கொண்டிருக்கிறது.
தமிழில் பேசுகிறார்கள்,
உதடு வேறெதற்கோ அசைகிறதாம்.
நாங்கள் பார்ப்பதில்லை, கேட்கிறோம்.
எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது.

கலத்தில் யாருக்கு மூளை அதிகம்?
இதுதான் வழக்கு.
நெற்குப்பை அறுபதாம் கல்யாணத்தில் கிளம்பி
தேவகோட்டையில் சண்டையாகி
கொத்தமங்கலத்தில் இரண்டு பேர் முகங்கொடுத்துப் பேசாமல்
பணியார மாவில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

சேவுகன், இன்ஜினியர் ட்ரெங்கோவின் கட்சி.
“சுவத்துல காத வச்சே சொன்னான்ல,
நாலாவது கொழாய்ல ஓட்டைன்னு.”
அவரும் அப்படித்தான்.
சிலிண்டரைத் தட்டிப் பார்த்து
“இன்னும் முப்பது ஆப்பம்” என்பார்.
முப்பத்தொன்று வந்திருக்கிறது.
பதினொன்றோடு நின்றும் இருக்கிறது,
அதை யாரும் எடுப்பதில்லை.

ஆராயிக்கு டாக்டர்தான்.
“ஒம்பதாம் பகுதியில,
சாகக் கெடக்கிறவன்கிட்ட
‘ஊர் தெரியுது பாரு’ன்னு சொல்றாரே!
மூளை உள்ளவன்தான் அந்த நேரத்துல பொய் சொல்வான்.”
சொல்லிக்கொண்டே முந்திரியில் ஒரு பிடி
எண்ணாமல் வாயில் போட்டுக்கொள்கிறாள்.

“கேப்டனுக்கு மூளையே வேணாம்,
யாருக்கு மூளைன்னு தெரிஞ்சாப் போதும்.”
இது பெரியகருப்பன், எங்கள் தலைமை.
“அதுக்குப் பேரு முதலாளித்தனம்ணே” என்கிறது
தேங்காய் துருவுகிற பக்கத்திலிருந்து ஒரு குரல்.
அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் திசை பார்க்கிற பெண்ணின் பக்கம்.
ஏழாம் பகுதியில்
“என் கணக்கு தப்பு” என்று
யாரும் கண்டுபிடிக்கும் முன்பே சொன்னாளே, அவள்.
சிரிக்கிறார்கள். “தப்பாப் போட்டவளுக்கா மூளை?”
கொத்தமங்கலத்தில் இரண்டாவதாக விழுந்த உப்பு
என் கை உப்பு.
இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.
அவளை எனக்குப் பிடிப்பதற்கு வேறு காரணம் வேண்டுமா?

இயந்திரத்துக்காக வாதாட ஆளில்லை.
அது திரவியத்தின் கட்சி.
தொடரை எங்களுக்குக் காட்டியவனே அவன்தான்.
நாளுக்கு நாற்பது ரூபாய் கூடக் கேட்டு, கிடைக்காமல்,
திருப்பத்தூரில் பரோட்டா அடிக்கப் போய்விட்டான்.

மூன்றே முக்கால்.
கலத்துக்கு முன்னால் இரண்டு இருட்டு,
ஒன்றில்தான் வழி இருக்கிறது.
நாலு பேரும் நாலு விதமாகச் சொல்ல
கேப்டன் மூச்சை இழுக்கிறாள்,
போன் அணைகிறது.
சார்ஜர் வேனில்.
வேன் இலைக்கட்டு ஏற்றக் காரைக்குடியில்.

இடப்பக்கம்கிறார் சேவுகன்.
வலதுன்னு ஆராயி கரண்டியை ஓங்குகிறாள்.
எண்ணெய் புகைகிறது,
யாரோ அடுப்பைத் தணிக்கிறார்கள்,
யாரென்று பார்க்க நேரமில்லை.

சேவுகனிடம் பட்டன் போன் ஒன்று உண்டு.
இரண்டாவது மணியிலேயே எடுத்தான் திரவியம்.
நலம் விசாரிக்கவில்லை நாங்கள்.
“யாருக்குடா மூளை ஜாஸ்தி?”

கொட்டாவி. ஒரு நாய் குரைப்பது. பிறகு:
“எதுவரைக்கும் பாத்திருக்கீங்க?”
“பன்னெண்டு.”
“அப்ப ஒங்களுக்கு இன்னும் தெரியாது”
என்று வைத்துவிட்டான்.

கொஞ்ச நேரம் மாவு கலக்கும் சத்தம் மட்டும்.
பதிமூன்றாவதைப் பார்த்துவிட்ட ஒருவன்
முப்பது கிலோமீட்டருக்குள்ளேயே
போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறான்.

“புதன்கிழமை பள்ளத்தூர்ல எத்தன எலை?” என்றார் பெரியகருப்பன்.
“ஆயிரத்து இருநூறுண்ணே.”
“அவன் எவ்வளவு கூடக் கேட்டான்?”
“நாப்பது.”

அண்ணன் பதில் சொல்லவில்லை.
ஒரு சிட்டிகை மாவைக் கிள்ளி எண்ணெயில் போட்டார்.
அடிக்குப் போனது.
எல்லாரும் குனிந்து பார்த்தோம்.
மெதுவாக,
ஒரு பக்கமாகச் சாய்ந்து,
மேலே வந்தது.